பஸ்ஸைத் தவறவிட்டதால் ஏறிய எண்

வணக்கம். காரைக்குடியில் அப்பத்தா வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே மாவுருண்டைக்கு மாவு அரைக்கிறார்கள், அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் எனக்கு எட்டு நாள் நீளும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து துணி மாற்றுவேன். "நம் வீட்டுப் பெண்களுக்கு அப்படித்தான் ஆத்தா" என்று அப்பத்தா முடித்துவிடுவார். சென்ற ஆண்டு கடைவாய்ப்பல் பிடுங்கிய இடத்தில் இரண்டு நாள் ரத்தம் கசிந்தபோதுதான் மருத்துவரிடம் போனேன். வான் வில்பிராண்டு காரணியின் அளவைப் பார்க்கச் சொன்னார். ரத்தக் குழாய் கிழிந்த இடத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கிற பசை போன்ற புரதம் அது. ஓலந்துத் தீவுகளில் ஒரு குடும்பமே ரத்தக்கசிவால் அவதிப்பட்டதை 1926-இல் எழுதிய பின்லாந்து மருத்துவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பரிசோதனை நாளன்று பஸ்ஸைத் தவறவிட்டு, வெயிலில் ஓடி, ஊசியைக் கண்டு நடுங்கியபடி கையை நீட்டினேன். எண் 58. ஏறத்தாழ 50 முதல் 200 வரை இயல்பு என்பதால் 'குறையில்லை' என்று தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவர் அதை நம்பவில்லை. ஓட்டமும் பயமும் ரத்தக் குழாயின் உள்சுவரில் சேமித்திருக்கும் புரதத்தைக் கொஞ்ச நேரத்திற்கு வெளியே கொட்டிவிடுமாம். இரண்டு மாதம் கழித்து, அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்த பிறகு எடுத்தபோது 41.

நான் 'ஓ' பிரிவு. எங்களுக்கு இந்தப் புரதம் உடலில் சீக்கிரம் கழிந்துவிடுவதால், மற்றப் பிரிவினரைவிடச் சராசரியாகக் கால் பங்கு குறைவாகவே இருக்கும். 'ஏபி' பிரிவு அத்தை மகள் தன் தாளைக் காட்டிப் பெருமையடிக்கிறாள். அவளோடு போட்டி போடுவது அநியாயம்! ஆனால் "ஓ பிரிவுதானே" என்று என்னைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. 30-க்கும் 50-க்கும் நடுவில் இருந்து ரத்தக்கசிவும் இருந்தால் அது நோய்க்கணக்கில்தான் வரும்.

கர்ப்ப காலத்தில் இந்த அளவு மளமளவென்று ஏறி, பிரசவமான சில வாரங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். சின்ன அத்தை இரண்டாம் பிரசவத்துக்குப் பத்து நாள் கழித்து ரத்தப்போக்கில் படுத்த கதையை இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்.

அப்பத்தாவுக்கும் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன். வயது ஏற ஏற இந்த அளவும் ஏறுமாம்; எழுபத்தெட்டு வயதில் எடுத்தால் அவருடைய இருபது வயதுக் கதை அதில் தெரியாது. ஆகவே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து அவரையே கேட்டேன். மாதம் எத்தனை நாள் என்றதற்கு, "வீட்டு ஆண்கள் வெளியே போகட்டும், சொல்கிறேன்" என்றார்.