ஓர் ஆண்டில் எவ்வளவு தூரம் மிதிக்கலாம்?

(ஒரு சைக்கிள் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்தவர்கள். பதின்மூன்றரை மணி நேரம் கெடு. சிலர் 300 முடித்திருக்கிறீர்கள், அதற்குக் கெடு இருபது மணி நேரம். அதை முடித்த மறுநாள் காலை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடியிருப்பீர்கள். இங்கிலாந்தில் ஒருவர் அந்த மறுநாள் காலையும் எழுந்து இன்னொரு 330 கிலோமீட்டருக்குக் கிளம்பினார். அதற்கு அடுத்த நாளும் கிளம்பினார். 1939 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை அவருடைய ஒரு நாள் சராசரி அதுதான். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம், தினமும்.

அவர் பெயர் டாமி காட்வின். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்துக்காரர், 1912இல் பிறந்தவர். சின்ன வயதில் கடைக்குச் சாமான் கொண்டுபோய்ப் போடும் பையனாக சைக்கிள் மிதிக்கத் தொடங்கியவர். (அதே பெயரில் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய வீரர் ஒருவரும் உண்டு. இணையத்தில் தேடினால் இருவரும் கலந்து வருவார்கள், கவனியுங்கள்.) அந்த ஒரே ஆண்டில் காட்வின் ஓட்டியது 75,065 மைல், அதாவது 1,20,805 கிலோமீட்டர். பூமத்திய ரேகையின் நீளம் 40,075 கிலோமீட்டர். மூன்று சுற்று முடித்த பிறகும் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது.

இந்தச் சாதனையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் காலின் பலத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கால் பலம் இருந்தவர்கள் நிறையப் பேர். இந்தச் சாதனையின் உயிர் மணிக்கணக்கில் இருக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது எங்கே தொடங்கியது என்று பார்த்துவிடலாம். 1911இல் இங்கிலாந்தின் 'சைக்கிளிங்' வார இதழ் ஒரு போட்டி வைத்தது. ஓர் ஆண்டில் யார் அதிக முறை நூறு மைல் ஓட்டுகிறார்கள் என்பதுதான் போட்டி. மார்செல் பிளேன்ஸ் 332 தடவை நூறு மைல் ஓட்டி ஜெயித்தார். மொத்தம் 34,366 மைல். அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் நெருங்கவில்லை. 1932இல் ஆர்தர் ஹம்பிள்ஸ் 36,007 மைல் ஓட்டினார். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவின் ஆஸி நிக்கல்சன் அதை 43,966 ஆக்கினார். 1936இல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வால்டர் கிரீவ்ஸ் 45,383 மைல். கிரீவ்ஸுக்கு ஒரு கை கிடையாது. ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, ஆங்கிலக் குளிர்காலத்தின் உறைபனிச் சாலையில் ஓட்டியிருக்கிறார். சைவச் சாப்பாட்டுக்காரர் வேறு. காட்வினும் சைவம்தான். இறைச்சி இல்லாமல் நெடுந்தூரம் போக முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

1937ஐ நான் கொஞ்சம் நின்று பார்ப்பேன். ரெனே மென்சீஸ் இங்கிலாந்தில் ஓட்டுகிறார், நிக்கல்சன் ஆஸ்திரேலியாவில் ஓட்டுகிறார். உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர், ஒரே ஆண்டு, ஒரே குறி. ஆண்டு முடிந்தபோது மென்சீஸ் 61,561 மைல், நிக்கல்சன் 62,657 மைல். வித்தியாசம் 1,096 மைல். நிக்கல்சனின் நாள் சராசரி 170 மைலுக்குச் சற்று மேல். அப்படியானால் ஓர் ஆண்டு முழுக்க நடந்த போட்டி ஆறே நாள் ஓட்டத்தில் தீர்ந்திருக்கிறது. ஒரு வாரக் காய்ச்சல் வந்திருந்தால் வரலாற்றில் பெயர் மாறியிருக்கும்.

காட்வின் கிளம்பிய 1939இல் அவர் தனியாக இல்லை. பெர்னார்ட் பென்னெட், எட்வர்ட் ஸ்வான் என்று இன்னும் இருவர் அதே குறியோடு புறப்பட்டார்கள். ஸ்வான் 939 மைலில் விழுந்து அடிபட்டு விலகினார். பென்னெட் கடைசிவரை ஓட்டி 65,127 மைல் சேர்த்தார். நிக்கல்சனின் எண்ணை அவரும் தாண்டிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன் எந்த ஆண்டாக இருந்தாலும் அவர்தான் சாம்பியன். காட்வின் இருந்த ஆண்டில் ஓட்டியதால் அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

காட்வினின் வண்டி எஃகு ஃபிரேம், பின்சக்கர ஹப்பில் நான்கு கியர். ஆண்டின் தொடக்கத்தில் லே கம்பெனி வண்டி, பிறகு ராலே. வழியில் பார்ப்பவர்களிடம் அட்டையில் கையெழுத்து வாங்கி 'சைக்கிளிங்' இதழுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் சாட்சி. கோடையில், பகல் நீண்ட ஜூன் மாதத்தில், ஒரே நாளில் 361 மைல் ஓட்டினார். 581 கிலோமீட்டர். நம்முடைய 600 பி.ஆர்.எம்.முக்குக் கெடு நாற்பது மணி நேரம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் போர் வந்தது. நாடு முழுக்க இருட்டடிப்பு. தெருவிளக்கு கிடையாது, வண்டி விளக்கையும் மறைத்துக் கட்ட வேண்டும். நம்மில் இரவு ஓட்டியவர்களுக்குப் புரியும், விளக்கு மங்கினால் வேகம் தானாகக் குறையும். குழி தெரியாது, எதிரில் வருகிறவனுக்கு நாமும் தெரிய மாட்டோம். அப்படிப்பட்ட சாலையில்தான் அவர் தன் மணிக்கணக்கைக் காப்பாற்றினார். அக்டோபர் 26 அன்று நிக்கல்சனின் எண்ணைத் தாண்டியாகிவிட்டது. சாதனை கைக்கு வந்த பிறகும் அவர் இறங்கவில்லை. டிசம்பர் 31 வரை ஓட்டினார். அதன் பிறகும் நிறுத்தவில்லை. பிரிட்டனில் பல்லாண்டுகளில் கண்டிராத குளிர் அடித்த 1940 ஜனவரியையும் சைக்கிள் மேலேயே கழித்து, மே மாதம் 500 நாளில் ஒரு லட்சம் மைலை முடித்தார். இறங்கிய பிறகு ஒழுங்காக நடக்கப் பழகவே சில வாரங்கள் ஆயின. அப்புறம் நேரே விமானப்படைக்குப் போனார்.

போர் முடிந்து திரும்பி வந்து அமெச்சூர் பந்தயங்களில் ஓட்ட விரும்பினார். கம்பெனியிடம் பணம் வாங்கி ஓட்டியவர், ஆகவே தொழில்முறை வீரர், அனுமதி இல்லை என்று விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அதற்காக அவர் சைக்கிளை விடவில்லை. இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1975இல் நண்பர்களோடு டட்பரி கோட்டைக்கு சைக்கிளில் போய்விட்டுத் திரும்பும்போது இறந்தார். வயது 63.

அவருடைய எண் 76 ஆண்டுகள் நின்றது. 2015 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சாஸைச் சேர்ந்த கர்ட் சியர்வோகல் கிளம்பி, 2016 ஜனவரி 9 அன்று 76,076 மைலில் முடித்தார். இப்போது கணக்குக்கு வருகிறேன். காட்வினைவிட 1,011 மைல் அதிகம், அதாவது 1,627 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 65 மணி நேர ஓட்டம். அதை 365ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினோரு நிமிடம்கூட வரவில்லை.

எழுபத்தாறு ஆண்டுச் சாதனைக்கும் அதை உடைத்தவருக்கும் இடையில் இருந்தது அவ்வளவுதான். டீக்கடையில் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காரும் நேரம்.

நேரத்தைச் சேர்ப்பதற்குப் பதிலாக வேகமாக மிதித்துவிட்டுப் போகலாமே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. சமதளத்தில் நம் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகம் பத்து சதவீதம் கூடினால், காற்றைத் தள்ளத் தேவையான சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரு நாள் பந்தயத்தில் அதைத் தாங்கலாம், மறுநாள் படுத்துக்கொள்ளலாம். மறுநாளும் 330 இருக்கிறது என்றால் அந்தச் செலவுக்கு உடம்பில் இருப்பு கிடையாது. மணிக்கு 25 என்றால் 330 கிலோமீட்டருக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீதி பத்தே முக்கால் மணி நேரம். அதற்குள் தூக்கம், சாப்பாடு, குளியல், பஞ்சர், செயினுக்கு எண்ணெய், துணி, மழைக்கு ஒதுங்குவது எல்லாம் அடங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டாயிரம் கலோரி உள்ளே போக வேண்டும். உட்கார்ந்து சாப்பிட்டால் நேரம் போகும், ஆகவே ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும். சீட்டில் உராய்ந்து புண் வரும். ஹேண்டில்பாரில் கை ஊன்றி ஊன்றி மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். புண் ஆற ஒரு நாள் ஓய்வு எடுத்தால் அந்த 330ஐ மற்ற நாட்களின் தலையில் கட்ட வேண்டும். ஆகவே ஓய்வு எடுக்காமல் புண்ணை ஆற்றத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஜி.பி.எஸ். கருவியில் ஓடிய நேரம் தனி, மொத்த நேரம் தனி என்று இரண்டு எண் வருகிறது அல்லவா? நாம் பார்ப்பது வேகத்தை. இவர்கள் ஆண்டு முழுக்க அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

நேரத்தை நாமே வீணாக்காவிட்டாலும் பிறர் பறித்துவிடலாம். ஸ்டீவ் ஏப்ரஹாம் என்ற ஆங்கிலேயர், நம்மைப் போல ஆடாக்ஸ் எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களை ஓட்டுபவர், 2015 ஜனவரி 1 அன்று காட்வினின் எண்ணைக் குறிவைத்துக் கிளம்பினார். மார்ச் கடைசியில் ஒரு இரவு மொபெட் ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. கணுக்கால் முறிந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்று சக்கர வண்டி ஒன்றை எடுத்து, ஒற்றைக் காலால் மிதித்துக் கணக்கைத் தொடர்ந்தார். அப்படியும் அந்த ஆண்டு அறுபதாயிரம் மைலுக்கு மேல் சேர்த்துவிட்டார். சாதனை வரவில்லை. இந்தக் கதை முழுவதிலும் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் ஏப்ரஹாம்தான்.

சியர்வோகலின் எண்ணைப் பின்னர் தாண்டிய அமெரிக்கப் பெண் அமாண்டா கோக்கரையும் 2011இல் சாலையில் ஒரு கார் இடித்தது. தலையில் கடுமையான காயம். பல மாத மீட்சிக்குப் பிறகு சைக்கிளுக்குத் திரும்பியவர், 2016 மே 15 அன்று ஃப்ளோரிடாவில் டாம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ளாட்வுட்ஸ் பூங்காவில் ஓட்டத் தொடங்கினார். ஏழு மைல் வட்டப் பாதை, கார் கிடையாது, சிக்னல் கிடையாது. சியர்வோகலும் அங்கே நிறைய ஓட்டியிருக்கிறார். ஓர் ஆண்டு முடிவில் கோக்கரின் எண் 86,573 மைல், 1,39,326 கிலோமீட்டர். நாளுக்கு 381 கிலோமீட்டர், அந்த வட்டத்தில் சுமார் 34 சுற்று. இதுவரை ஆண்களோ பெண்களோ யாரும் அதைத் தொடவில்லை. நிறுத்தாமல் ஓட்டி, காட்வின் 500 நாளில் முடித்த ஒரு லட்சம் மைலை 423 நாளில் முடித்தார்.

பூங்காவைச் சுற்றுவது ஒரு சாதனையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் இதைப் பலமாக மறுக்கிறேன். வட்டப் பாதையில் பதினொரு கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீரும் சாப்பாடும் கைக்கு வரும், உண்மைதான். நிற்கும் நேரம் குறையும், அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் ஃப்ளோரிடாவின் கோடை வெயிலிலும் இடிமழையிலும் ஒரே மரங்களையும் ஒரே வளைவையும் ஒரு நாளில் முப்பத்து நான்கு முறை பார்ப்பது என்றால் என்ன என்று யோசியுங்கள். சாலையில் ஒருமுறை உயிர் போய் மீண்ட பெண் கார் இல்லாத பாதையில் ஓட்டினால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? காட்வினின் சாலையில் இன்று இருக்கும் போக்குவரத்து அன்று இல்லை.

நம் குழுவில் பெண்களின் எண்ணிக்கை இந்த ஆண்டு கூடியிருப்பதால் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பில்லி டவி, பின்னாளில் பில்லி ஃப்ளெமிங். 1938 ஜனவரி 1 அன்று லண்டனிலிருந்து கிளம்பும்போது அவருக்கு 23 வயது. 'ரட்ஜ்-விட்வொர்த்' மூன்று கியர் வண்டி. துணைக்கு யாரும் இல்லை, பின்னால் வண்டி வரவில்லை, தண்ணீர் பாட்டில்கூட எடுத்துப் போகவில்லை. மாற்றுத் துணியும் கொஞ்சம் கருவிகளும் மட்டும் பையில். பகலில் ஓட்டுவார், பல நாள் மாலையில் ஏதாவது ஓர் ஊரில் பெண்களுக்கு உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவார், காலையில் மறுபடி கிளம்புவார். 365 நாளும் ஓட்டினார். அதிகபட்சம் ஒரே நாளில் யார்க்கிலிருந்து லண்டனில் தன் வீடு வரை 186 மைல். மொத்தம் 29,603 மைல். மேடைப் பேச்சுக்குப் போன மாலைகளையும் அவருடைய மணிக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் எடை தெரியும்.

அடுத்து அமெரிக்காவைக் குறுக்கே கடக்கத் திட்டமிட்டிருந்தார், போர் அதைக் கெடுத்தது. பிறகு மூன்று சக்கர சைக்கிளில் சில பெண்கள் சாதனைகளைச் செய்தார். 2014 மே மாதம் நூறு வயதில் இறக்கும்வரை அவருடைய ஆண்டு எண்ணை எந்தப் பெண்ணும் தாண்டவில்லை. 2016இல் இங்கிலாந்தில் கைசா டீலென் 32,326 மைல் ஓட்டி அதைத் தாண்டினார். அவர் டிசம்பர் 31 வரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, கோக்கர் ஃப்ளோரிடா பூங்காவில் தன் ஆண்டின் பாதியைத் தாண்டியிருந்தார்.