வானில் ரேடியோ மௌனமானால் கைபேசி எந்த அளவுக்கு உதவும்?

(காட்சி: ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய விமானத்தின் உட்புறம். விமானி மைக் பொத்தானை அழுத்திப் பேசுகிறார், பதில் வரவில்லை.)

கட்டுப்பாட்டுக் கோபுரத்தை இரண்டு மூன்று முறை அழைத்தும் ஹெட்செட்டில் குரல் எதுவும் கேட்காதபோது, விமானியின் கை சட்டைப்பையில் இருக்கும் கைபேசியைத் தேடிப் போவது இயல்பே. அந்தக் கைபேசி உண்மையாகவே துணை செய்யக்கூடும். ஆனால் அதை எடுப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. அவற்றைத் தாண்டிச் சென்று எண்களை அழுத்திக்கொண்டிருப்பது, ரேடியோ பழுதானதைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம்.

விமானத்தைச் சீராகப் பறக்க வைப்பதே முதல் வேலை. அதன் பிறகு பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலியளவுக் குமிழ் குறைந்திருக்கலாம், ஹெட்செட்டின் செருகி பாதி கழன்றிருக்கலாம், அலைவரிசையில் ஓர் இலக்கம் மாறியிருக்கலாம், மைக் பொத்தான் அழுந்தியபடியே சிக்கியிருக்கலாம். கடைசியாகப் பேசிய அலைவரிசைக்குத் திரும்பிப் பாருங்கள். இரண்டாவது ரேடியோ இருந்தால் அதிலும், அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸிலும் முயலுங்கள்.

(காட்சி: ரேடாருக்கு விமானத்தின் குறியீட்டை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 7600 என்ற எண் தோன்றுகிறது.)

அப்போதும் தொடர்பு கிடைக்காவிட்டால், டிரான்ஸ்பாண்டரில் 7600 என்ற குறியீட்டை இட வேண்டும். உங்கள் விமானம் ரேடியோத் தொடர்பை இழந்துவிட்டது என்பதை அந்த எண் ரேடார் திரையின் முன் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லிவிடும். நீங்கள் இனி என்ன செய்வீர்கள் என்பதை அவர் விதிகளைக் கொண்டே கணித்து, மற்ற விமானங்களை விலக்கி வைக்கிறார். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் 91.185 விதிப்படி, தெளிந்த வானிலையில் இருப்பவர் கண்பார்வையை நம்பிப் பறந்து, நடைமுறைக்கு இயன்ற அளவு விரைவில் தரையிறங்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பவர், தமக்குக் கடைசியாக ஒதுக்கப்பட்ட பாதையிலிருந்து தொடங்கும் ஒரு வரிசைப்படி வழியையும் உயரத்தையும் தேர்ந்து செல்ல வேண்டும். கைபேசியில் ஒருவர் கிடைக்கும்வரை வட்டமடிப்போம் என்று நீங்களாக முடிவெடுத்தால், அந்தக் கணிப்பு முழுவதும் பிசகிவிடும்.

இனி கைபேசிக்கு வருவோம். தரையில் நன்றாக இயங்கும் அதே கருவி மேலே ஏன் தடுமாறுகிறது? செல் கோபுரங்களின் ஆன்டெனாக்கள் தரையில் இருப்பவர்களுக்காகச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து அமைக்கப்பட்டவை. மேலே செல்லச் செல்ல, அவற்றின் பக்கவாட்டில் கசியும் மெல்லிய சிக்னல்தான் நமக்குக் கிடைக்கிறது. அதோடு, 5,000 அடி உயரத்திலிருந்து அடிவானம் 130 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், கைபேசியின் பார்வையில் ஒரே நேரத்தில் ஏராளமான கோபுரங்கள் விழுகின்றன. எதிலும் நிலைக்க முடியாமல் அழைப்பு அறுந்து அறுந்து போகும். தாழ்வாகவும் மெதுவாகவும் பறக்கும்போது வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் சிக்னலைத் தேடிப் பாதுகாப்பான உயரத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதில் குரல் அழைப்பைவிடக் குறுஞ்செய்தியை நான் அதிகம் நம்புவேன். சில நொடிகள் இணைப்பு கிடைத்தாலே அது போய்ச் சேர்ந்துவிடும். விமானத்தின் அழைப்புப் பெயர், இருக்கும் இடம், உயரம், செல்லும் விமான நிலையம், ரேடியோ பழுது ஆகிய ஐந்தையும் தரையில் உள்ள ஒருவருக்கு அனுப்பி, கோபுரத்துக்குத் தொலைபேசியில் தெரிவிக்கச் சொல்லலாம். பேசத்தான் வேண்டுமென்றால், ப்ளூடூத் வசதியுள்ள ஹெட்செட்டுடன் கைபேசியை முன்கூட்டியே இணைத்திருக்க வேண்டும். எஞ்சின் இரைச்சலில் கைபேசியைக் காதில் வைத்துப் பேசுவது வீண் முயற்சி. கோபுரத்தின் தொலைபேசி எண்ணையும் புறப்படும் முன்பே சேமித்து வையுங்கள். பறந்துகொண்டே எண்ணைத் தேடுவது கண்ணை வானத்திலிருந்து பிடுங்கிவிடும்.

எஞ்சினால் இயங்கி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செயலிழந்து பேட்டரியும் தீர்ந்துபோனால் ரேடியோவோடு டிரான்ஸ்பாண்டரும் அணைந்துவிடும்; 7600 கூடத் திரையில் தெரியாது. தனி பேட்டரியில் இயங்கும் கைபேசி அந்த நிலையில்தான் பெருமதிப்புப் பெறுகிறது. இருப்பினும், அதே பணியை இன்னும் உறுதியாகச் செய்யும் கையடக்க விமான ரேடியோ ஒன்றைப் பையில் வைத்திருப்பவரையே நான் முன்யோசனை உள்ளவர் என்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் 22.925 விதி, 800 மெகாஹெர்ட்ஸ் செல்லுலார் கைபேசிகளைப் பறக்கும்போது இயக்கத் தடை செய்கிறது. தரையிலுள்ள வலையமைப்புக்கு இடையூறு நேரக்கூடும் என்பதே அதன் அடிப்படை. உடனடி நடவடிக்கை தேவைப்படும் நெருக்கடியில், தேவையான அளவுக்குப் பறப்பு விதிகளிலிருந்து விலக விமானத்தின் தலைமை விமானிக்கு 91.3 விதி அதிகாரம் தருகிறது. அது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் என்ற மற்றோர் அமைப்பின் விதி, தொலைத்தொடர்புத் தடையை அது நேரடியாக நீக்குவதில்லை. ஆயினும் உயிர்கள் ஆபத்தில் இருக்கும்போது, இந்தத் தடையை எண்ணி யாரும் தயங்கக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

(காட்சி: கோபுரத்திலிருந்து பச்சை ஒளி.)

அழைப்பு கிடைக்கவே இல்லையென்றாலும் கோபுரத்தின் ஒளி பேசும். பறக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை தரையிறங்க அனுமதி. விட்டு விட்டு மின்னும் பச்சை, தரையிறங்குவதற்காகத் திரும்பி வரச் சொல்வது. நிலையான சிவப்பு, மற்றவருக்கு வழிவிட்டு வட்டமிடச் சொல்கிறது; மின்னும் சிவப்பு, விமான நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதீர் என்கிறது. கண்டுகொண்டதைப் பகலில் இறக்கைகளை அசைத்தும், இரவில் தரையிறங்கு விளக்கை மினுக்கியும் தெரிவிக்க வேண்டும்.

சக்கரங்கள் தரையைத் தொட்டு, எஞ்சின் நின்ற பிறகு, கைபேசி மீண்டும் முழு வலிமையுடன் வேலை செய்யும். நீங்கள் இறங்கியதைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லி, புறப்படும் முன் பதிவு செய்த பயண விவரமான பறப்புத் திட்டத்தை முடித்துவையுங்கள். அமெரிக்காவில் கண்பார்வைப் பறப்புத் திட்டம் மதிப்பிட்ட நேரத்துக்கு 30 நிமிடத்துக்குப் பிறகும் முடிக்கப்படாமல் இருந்தால், உங்களைக் காணவில்லை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.