கார்டுக்குத் திரை அகலம் எதுக்கு? கன்டெய்னர் குவெரி

[திரை: காரைக்குடி டைல்ஸ் கடைக்கான மாதிரித் தளம். நடுவில் இரண்டு பத்தியாக ஆத்தங்குடி கல் கார்டுகள். வலப்பக்கப் பட்டியில் அதே கார்டு நசுங்கி நிற்கிறது.]

குரல்: கார்டுல இருக்கிறது மூணே விஷயம்: கல்லோட படம், பேரு, சதுர அடி விலை. நடுவுல சரியா உட்காருது. ‘இதையும் பாருங்க’ பட்டிக்குப் போனதும் விலை மூணு வரியா உடையுது. ஏன்னா ‘இவ்வளவு அகலம்னா இப்படி அடுக்கு’ன்னு சிஎஸ்எஸ்ல எழுதுற மீடியா குவெரி திரையை மட்டும்தான் அளக்கும். திரை 1280 பிக்சல், பட்டி 240. அந்த 240 கார்டுக்குத் தெரியவே தெரியாது. கார்டு இருக்கிற பெட்டியோட அகலத்தை அளக்கிறதுதான் கன்டெய்னர் குவெரி.

[திரை: கோட் எடிட்டர்]

கார்டைச் சுத்தி ஒரு டிவ், அதாவது வெறும் பெட்டி, போடுங்க. அதுக்கு ‘கன்டெய்னர்-டைப்: இன்லைன்-சைஸ்’ குடுங்க. படம் மேல, எழுத்து கீழங்கிற அமைப்புதான் அடிப்படை. அதை ‘கன்டெய்னர்’ விதிக்கு வெளியவே எழுதிடுங்க. ‘கன்டெய்னர்’ விதிக்குள்ள, பெட்டி அகலம் 24 ரெம்மும் (ஒரு ரெம்னா பக்கத்தோட அடிப்படை எழுத்தளவு, வழக்கமா 16 பிக்சல்) அதுக்கு மேலயும் இருந்தா படமும் எழுத்தும் பக்கத்துல பக்கத்துல. அவ்வளவுதான்.

இனி எங்க சறுக்கும்னு பாருங்க. ‘கன்டெய்னர்-டைப்’பைக் கார்டு மேலயே வெச்சுட்டு, அதே கார்டோட கிரிட்டை, அதாவது படமும் எழுத்தும் அடுக்குற கட்டத்தை, விதிக்குள்ள மாத்தினா ஒண்ணும் நடக்காது. எரரும் வராது. ஒரு எலிமென்ட் தன்னைத் தானே அளக்காது, மேல இருக்கிற பெட்டியைத்தான் கேட்கும். வெளி டிவ் கேட்டது அதுக்காகத்தான்.

அடுத்தது, பெட்டியே காணாமப் போறது. இன்லைன்-சைஸ் குடுத்ததும் உள்ளே இருக்கிற படமும் எழுத்தும் அந்த டிவ்வோட அகலத்துக்குக் கணக்குல வராது. கிடைக்கிற அகலம் முழுக்க நிரப்புற சாதாரண பிளாக்கா இருந்தா பிரச்சினை இல்லை. பெட்டிகளைப் பக்கத்துல பக்கத்துல அடுக்குற ஃப்ளெக்ஸ் வரிசைக்குள்ள இருந்தா அகலம் பூஜ்யம் ஆகிடும். ‘ஃப்ளெக்ஸ்: 1’ சேருங்க, திரும்பி வரும். ‘இன்லைன்-சைஸ்’க்குப் பதிலா ‘சைஸ்’னு மட்டும் எழுதிட்டா உயரமும் இதே மாதிரி விழும், கீழ இருக்கிற கார்டு மேல ஏறி நிக்கும்.

[திரை: டெவ்டூல்ஸில் கன்டெய்னர் முத்திரை]

இன்னொண்ணு, கண்டுபிடிக்கக் கொஞ்சம் கஷ்டமானது. பழைய வழக்கப்படி எச்டிஎம்எல் எழுத்தளவை 62.5 சதவீதம்னு வெச்சிருந்தா, இங்க 24 ரெம்ங்கிறது 384 பிக்சல் இல்லை, 240. மீடியா குவெரியில இந்தக் குழப்பம் வராது. அது பிரவுசரோட ஆரம்ப அளவை எடுத்துக்கும். நம்ம 240 பிக்சல் பட்டியும் ‘அகலமானது’ன்னு தேறி, மறுபடி நசுங்கும். அந்த 62.5-ஐ எடுத்துடுங்க, எதுக்கும் தேவையில்லை.

[திரை: நடுப்பகுதி கிரிட்]

பத்திகளுக்கு ‘ரிப்பீட், ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ்’. இடம் இருக்கிற அளவுக்குப் பத்தி தானா சேரும். குறைஞ்ச அளவை வெறும் 26 ரெம்னு எழுதாம, ‘மின்’னுக்குள்ள 100 சதவீதத்தையும் 26 ரெம்மையும் குடுங்க. இல்லைன்னா 360 பிக்சல் போன்ல பக்கம் பக்கவாட்டுல நகரும். ஆட்டோ-ஃபிட் வேண்டாம்: ஃபில்டர் போட்டு ஒரே கல்லு மிஞ்சினா, அது வரிசை முழுக்க இழுபடும்.

படத்துக்கு ‘ஆஸ்பெக்ட்-ரேஷியோ: 1’. கல்லு சதுரம்தானே. ஆனா ‘ஆப்ஜெக்ட்-ஃபிட்’ல, இடத்தை முழுக்க நிரப்புற கவர் போட்டா, சதுரமில்லாத படத்துல பார்டர் டிசைன் வெட்டுப்படலாம்; வாங்குறவங்க பாக்கிறதே அதைத்தான். படம் முழுசாத் தெரியுற ‘கன்டெய்ன்’ போடுங்க.

பேரு தமிழ்ல நீளமா வரும், அதனால கார்டுக்கு நிலையான உயரம் குடுக்காதீங்க. ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’, வரி உயரம் 1.6. கொம்பும் சுழியும் இடிக்காது.

கன்டெய்னர் குவெரி எந்தப் பதிப்புல இருந்து வேலை செய்யும்னா: குரோம் 105, சஃபாரி 16, ரெண்டும் 2022. ஃபயர்ஃபாக்ஸ் 110, 2023. அதுக்கு முந்தின பிரவுசர் ‘கன்டெய்னர்’ விதியைக் கண்டுக்காது. படம் மேல, எழுத்து கீழன்னு அடிப்படை அமைப்பையே காட்டும்.