வரப்புக்குள் வரப்பு

(பெங்களூரு அல்சூரில், ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். அத்திப்பள்ளியில் என்ன கண்டீர்கள்? கடைப் பலகையில் எழுத்து மாறியிருக்கும். பாதிப் பேர் அப்போது தூங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். தூங்கிக்கொண்டே கடக்க முடிகிற எல்லை ஒரு கொடுப்பினை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனை தாண்டிக் கண்டமங்கலம் வந்தால் மறுபடியும் தமிழ்நாடு. வில்லியனூரில் திரும்பவும் புதுச்சேரி. நமக்கு இது பெட்ரோல் விலைக் கணக்கு, வேறு சிலருக்கு வேறு கணக்கு. சிரிக்காதீர்கள். 1954 வரை இதே கோடுகள்தாம் நாட்டெல்லை: ஒரு பக்கம் பிரெஞ்சு ஆட்சி, மறுபக்கம் ஆங்கிலேயர் ஆட்சி, பிறகு இந்தியா.

அண்ணன் வயலுக்கு நடுவே தம்பிக்கு ஒரு பாத்தி இருக்கும் பங்காளி நிலத்தைப் பார்த்திருக்கிறோம். அதை நாடுகளுக்குள் வைத்துப் பாருங்கள். நெதர்லாந்தில் பார்லே என்ற சிற்றூர். அதன் நடுவே பெல்ஜியத்துக்குச் சொந்தமாக 22 துண்டுகள். அவற்றுக்குள்ளேயே நெதர்லாந்தின் துண்டுகள் 7. இடைக்காலப் பிரபுக்கள் இருவர் நிலம் பங்கிட்டதன் மிச்சம் இது. எல்லையைக் காட்டத் தெருவில் சிலுவைக் குறிகள் பதித்திருக்கிறார்கள். கோடு வீட்டுக்குள் புகுந்து ஓடினால், வாசற்கதவு எந்தப் பக்கமோ அந்த நாட்டு வீடு. கதவை நகர்த்தி நாடு மாறிய வீடும் உண்டாம். வாஸ்து பார்க்கிற நம்மவர்கள் அங்கே குடியேறினால் இரண்டு அரசுகளும் திணறிப்போகும்.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பெரும்பகுதியை ஜெர்மனி பிடித்தது. பார்லேயின் பெல்ஜியத் துண்டுகளைத் தொட முடியவில்லை. நடுநிலை நாடான நெதர்லாந்தை மிதிக்காமல் அங்கே போக வழியில்லை. 2020 கொரோனாவில் இரு நாட்டு விதிகளும் வேறுபட்டபோது, ஒரு துணிக்கடையின் பெல்ஜியப் பாதியை மட்டும் நாடா கட்டி மூடினார்கள். அவர்களுடைய கஷ்டம் அந்த அளவோடு நின்றது.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். நான் பேச வந்ததே இதைத்தான். மேற்கு வங்கத்தில் கூச் பிகார் பக்கம் இருந்த நிலத்துண்டுகளைச் 'சிட்மகால்' என்பார்கள். நமக்குச் சிட்டா தெரியும். இது சிட், சிதறிய துண்டு. வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டுகள் 111, இந்தியாவுக்குள் வங்கதேசத் துண்டுகள் 51. கூச் பிகார் ராஜாவும், ரங்கபூரில் மொகலாயரின் படை அதிகாரியான பௌஜ்தாரும் சதுரங்கத்தில் ஊர்களைப் பந்தயம் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தருமர் செய்யாததா என்று எளிதில் நம்பிவிடுவோம். ஆனால் மொகலாயரோடு 1713இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் யார் கையில் எந்த ஊர் இருந்ததோ அப்படியே நின்றுவிட்டது என்பதுதான் வரலாற்று விளக்கம்.

அவற்றில் தஹாலா காக்ராபாரி என்று ஒரு சணல் வயல், ஒன்றே முக்கால் ஏக்கர் இருக்கும். அது இந்திய மண். அதைச் சுற்றி வங்கதேசத் துண்டு, அதைச் சுற்றி இந்தியத் துண்டு, அதைச் சுற்றி வங்கதேசம். உலகில் வேறெங்கும் இப்படி நாலடுக்கு இருந்ததில்லை.

வரைபடத்தில் பார்த்தால் பார்லேயும் இதுவும் அக்காள் தங்கை. வாழ்ந்தவர்களைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். சொந்த நாட்டுக்குப் போக விசா வேண்டும். விசா வாங்க, விசா இல்லாமல் அயல்நாட்டு மண்ணைக் கடந்து போக வேண்டும். மின்சாரம் வராது, போலீஸ் வராது, வாக்குரிமை கிடையாது. பள்ளியில் சேர்க்கப் பிள்ளைக்கு வேறொருவரைத் தகப்பன் என்று எழுதினார்கள். இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டிலிருந்து பிரசவத்துக்குப் போன பெண், இந்தியர் ஒருவரைக் கணவர் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியிருந்தது. பெற்ற தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? எல்லைக் கோட்டை வேடிக்கையாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சற்று முன் வாஸ்து என்று நானும் வேடிக்கை பேசினேன், ஒப்புக்கொள்கிறேன்.

துண்டுகளை மாற்றிக்கொள்ள 1974இல் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்டார்கள். அதை நிறைவேற்ற நம் அரசியலமைப்பின் 100ஆவது திருத்தம் வர 2015 ஆனது. இடையே ஒரு தலைமுறை பிறந்து, பிள்ளையும் பெற்றுவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. இந்தியாவுக்குள் இருந்த துண்டுகளில் ஒன்றான மஷால்டாங்காவில் 68 மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், 1947இலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக.

எந்த நாடு வேண்டும் என்று மக்களையே கேட்டார்கள். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுகளிலிருந்து இங்கே வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தியாவுக்குள் இருந்தவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. பெரும்பாலோர் தாங்கள் உழுத வயலில், கட்டிய வீட்டில் அப்படியே இருந்தார்கள். நாடு மட்டும் வந்து சேர்ந்தது.

ஒரு துண்டு இன்னும் பாக்கி. தஹக்ராம்-அங்கர்போதா வங்கதேசத்துக்கே சொந்தம். அங்கே போகும் வழி இந்திய மண்ணில், தீன் பிகா என்ற இடத்தில் இருக்கிறது. பிகா என்பது நம் ஏக்கர் போல ஒரு நில அளவு; மூன்று பிகா என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். 1992இல் திறந்தபோது பகலில் சில மணி நேரம்தான் விட்டார்கள். 2011இலிருந்து இரவிலும் போகலாம்.