சீனாவிலிருந்து நேரே வந்த கார்பன் பிறேம்: பூட்டுமுன் அளந்து பாருங்கள்

[திரையில்: மேசையில் பிரிக்காத நீளப் பெட்டி. பக்கத்தில் வேர்னியர், நூல், டோர்ச், ஒரு 5 ரூபாய்க் குற்றி.]

கடையில் பூட்டி வைத்திருக்கும் கார்பன் சைக்கிளின் விலைக்குள் ஒருவருடைய கூலியும் இருக்கிறது. பிறேமை அளந்து, கோணலானதை ஒதுக்கி, எந்தச் சாமான் எதற்குப் பொருந்தும் என்று தெரிந்து பூட்டியவரின் கூலி. ஷென்சென், ஷியாமென் பக்கத்துத் தொழிற்சாலையிடம் நேரே பிறேம் எடுத்தால் அந்தக் காசு மிச்சம். வேலை மட்டும் உங்கள் தலையில் வந்து விழும்.

முதலில் எதை வாங்கலாம் என்று பார்ப்போம். தொழிற்சாலை தன் காசில் அச்சுச் செய்து, அதில் எடுத்த பிறேமை யார் கேட்டாலும் விற்பதுதான் ஓபன் மோல்ட். ஹொங்ஃபு, லைட்கார்பன், கார்போண்டா, வெலோபில்ட் போன்ற பெயர்களில் வருவது இந்த வகை. பெரிய பிராண்டின் பெயரைப் பொய்யாக ஒட்டி வருவது வேறு சாதி. போலிப் பினரெல்லோவுக்கு ‘சைனரெல்லோ’ என்று ஒரு கேலிப்பெயரே இருக்கிறது. மேலே ஒட்டிய பெயரிலேயே பொய் சொன்னவர், உள்ளே எத்தனை அடுக்குக் கார்பன் துணி வைத்தார் என்று கேட்டால் மட்டும் உண்மையா சொல்லப் போகிறார்? அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

விளம்பரத்தில் ஜப்பானிய இழை நிறுவனமான டோரேயின் டி700, டி800 என்று பெரிதாகப் போடுவார்கள். இழையின் விறைப்பு டி700க்கு 230 கிகாபாஸ்கல், டி800க்கு 294. எண் சரிதான். ஆனால் பிறேமின் பலம் எந்தத் துணியை எந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதை எந்த விளம்பரமும் சொல்லாது. அதனால் இழையின் பெயரை விட்டுவிட்டு, அந்த மொடலுக்கான ஐ.எஸ்.ஓ. 4210 (சைக்கிள் பாதுகாப்புத் தரம்) சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பிறேமும் ஃபோர்க்கும் 6ஆம் பகுதியில் வரும். பெடல் மிதிப்புச் சோதனை மட்டும் 1 இலட்சம் தடவை. அறிக்கையில் நீங்கள் வாங்கும் அதே மொடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து மொடலின் அறிக்கையை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பது அடிக்கடி நடப்பது.

[திரையில்: விற்பனையாளருடனான செய்திப் பெட்டி. கேள்விகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

காசு கட்டுமுன் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெடல் அச்சு சுழலும் இடமான பொட்டம் பிரெக்கட் எந்த வகை? ஹாண்டில் திரும்பும் இடமான ஹெட்செட்டின் மேல், கீழ் பெயாரிங் அளவு என்ன? முன் சில்லின் அச்சு 12க்கு 100, பின் சில்லின் அச்சு 12க்கு 142 (விட்டத்துக்கு அகலம், மி.மீ.) என்பது இப்போது பொதுவானது. ஆனால் அச்சின் புரி இடைவெளி 1.0, 1.5, 1.75 என்று மூன்று விதமாக வரும். தவறான அச்சும் ஒரு சுற்று, இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கேயே நிறுத்தாமல் பலம் கொடுத்தால் பிறேமின் புரி போய்விடும். சீட் போஸ்ட் வட்டமான 27.2 மி.மீ. என்றால் நல்லது, கொழும்பு டாம் வீதியில் தேடினாலும் கிடைக்கக்கூடிய அளவு. பிறேமுக்கென்றே செய்த தட்டைப் போஸ்ட் உடைந்தால் திரும்பவும் சீனாவுக்குத்தான் எழுத வேண்டும்.

டெரெய்லர் ஹாங்கரும் (கியர் மாற்றியைப் பிறேமில் தாங்கும் துண்டு) அப்படித்தான். யூ.டி.எச். என்ற பொது ஹாங்கர் போடும் பிறேமென்றால் கவலை இல்லை. இல்லாவிட்டால் பிறேமுடனேயே இரண்டு மேலதிக ஹாங்கர் கேளுங்கள். சைக்கிள் நின்ற இடத்தில் வலப்பக்கம் சாய்ந்தாலே வளைவது அதுதான். அந்தச் சின்ன அலுமினியத் துண்டுக்காக முழுச் சைக்கிளும் ஒரு மாதம் சுவரில் தொங்கக்கூடாது.

கேபிளும் ஹோஸும் முழுக்க ஹெட்செட்டுக்குள்ளால் போகும் பிறேம்தான் இப்போது நாகரிகம். பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மேல் பெயாரிங்கை மாற்ற வேண்டுமென்றால் பல அமைப்புகளில் பிறேக் ஹோஸைக் கழற்றி, வெட்டி, ஹோஸ் முனையை அடைக்கும் புது வளையம் (ஒலிவ்) போட்டு, ஓயில் நிரப்பி, காற்று எடுக்க வேண்டும். உப்புக் காற்றும் மழையும் உள்ள கொழும்பில் பெயாரிங் சீக்கிரம் கறள் பிடிக்கும். முன்னாலிருந்து பெடல் பக்கம் சரியும் குழாயான டவுன் டியூபின் பக்கத்தால் ஹோஸ் நுழையும் பிறேம் கிடைத்தால் அதை எடுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘54’ என்ற எண்ணை நம்ப வேண்டாம், ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அது வேறு. உங்கள் உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய சைக்கிளின் ஸ்டாக், ரீச் (பொட்டம் பிரெக்கட்டிலிருந்து பிறேமின் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்முனைக்கு உள்ள உயரமும் முன்தூரமும்) இரண்டையும் அளந்து, அவர்களுடைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

[திரையில்: பெட்டியின் மூன்று பக்கங்களிலும் அளவுக்கோடு. 100 × 60 × 20.]

கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார். 100, 60, 20 உள்ள பெட்டி 24 கிலோ கணக்கில் வரும், உள்ளே 3 கிலோ கூட இல்லாவிட்டாலும். சுங்கத்தில் பிறேமும் ஃபோர்க்கும் 8714.91 என்ற தலைப்பின் கீழ், முழுச் சைக்கிள் 8712இன் கீழ். பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்துத்தான் வரி கணக்கிடுவார்கள். இலங்கையில் 2024 ஜனவரி முதல் வற் வரியே 18 சதவீதம். அதற்கு மேல் வேறு வரிகளும் வரலாம் என்பதால், ஓடர் போடுமுன் இந்த எண்ணைக் காட்டி ஒரு சுங்க முகவரிடம் மொத்தத்தைக் கேட்டுவிடுங்கள். ‘பரிசு, 50 டொலர்’ என்று எழுதி அனுப்பவா என விற்பனையாளர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒன்று. பிறேம் உடைந்து வந்தால் 50 டொலருக்கு மேல் இழப்பீடு கேட்கவும் முடியாது.

[திரையில்: பெட்டி திறக்கப்படுகிறது. ஒரே காட்சி, வெட்டு இல்லை.]

பெட்டியைத் திறப்பதைக் கைபேசியில் ஒரே மூச்சாகப் படம் எடுங்கள். முறைப்பாடு சொல்லும்போது அதுதான் சாட்சி.

முதலில் கண். ஹெட் டியூப், பொட்டம் பிரெக்கட் ஓட்டை இரண்டுக்குள்ளும் டோர்ச் அடியுங்கள். மடிந்த துணியின் சுருக்கம், வெள்ளையாகத் தெரியும் பசைக் குட்டை, எடுக்காமல் விட்ட பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று தேடுங்கள். பை மட்டும் என்றால் பாதகமில்லை, இழுத்து எடுத்துவிடலாம். பெயாரிங் உட்காரும் இடத்தில் சுருக்கம் இருந்தால் பிறேமைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அடுத்தது காது. குற்றியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டிக் டிக்’ என்ற சத்தம் ஓரிடத்தில் திடீரென ‘தொப்’ என்று மாறினால், மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் தடிப்பு மாறும் இடம் அது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அடுக்கு பிரிந்திருக்கலாம்.

பிறகு நூல். பின் அச்சு உட்காரும் இடத்திலிருந்து நூலை இழுத்து, ஹெட் டியூபைச் சுற்றி, மற்றப் பக்கத்து அச்சு இடத்தில் கட்டுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் வேர்னியரால் அளவுங்கள். வித்தியாசம் 1 மி.மீ. என்றால் விட்டுவிடலாம், 2ஐத் தாண்டினால் படத்தோடு எழுதுங்கள்.

நேரான பின் சில்லு ஒன்றைப் போட்டுப் பார்த்தால், டயர் ஒரு பக்கம் ஒட்டி நிற்கலாம். குற்றம் சில்லிலா, பிறேமிலா? பின் பற்சக்கரத் தொகுதியான கசெட்டையும் பிறேக் டிஸ்கையும் கழற்றிவிட்டு, சில்லைத் திருப்பிப் போடுங்கள். ஒட்டல் மறுபக்கம் போனால் சில்லு கோணல், இருந்த பக்கமே நின்றால் பிறேம் கோணல். இரண்டே நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு மாதம் சில்லுக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

[திரையில்: பொட்டம் பிரெக்கட் ஓட்டையில் வேர்னியர். அளவு அருகில் தெரிகிறது.]

இந்த வகைப் பிறேமில் அதிகம் தகராறு செய்வது பொட்டம் பிரெக்கட். அழுத்திப் போடும் வகையான பி.பி.86 என்றால் ஓட்டை 41 மி.மீ., அகலம் 86.5. ஓட்டையை மேல்கீழாக, இடவலமாக, குறுக்காக என்று மூன்று தடவை அளவுங்கள். மூன்றும் ஒத்துவர வேண்டும். முட்டை வடிவமாக இருந்தால் பெயாரிங் கப் ஓரிடத்தில் நெரிந்து, இன்னோரிடத்தில் ஆடும். மிதிக்கும்போது ‘கிறீச்’ என்ற சத்தம் அங்கிருந்துதான். இரண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெயாரிங் சில மாதங்களில் போய்விடும். தெரிவு இருந்தால் புரி உள்ளதை எடுங்கள்: பி.எஸ்.ஏ. அல்லது டி47. ஒன்றை மறக்காதீர்கள், செயின் பக்கத்துக் கப் எதிர்ப்புரி, இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். ஷிமானோவின் கப்பை இறுக்க 35 முதல் 50 நியூட்டன் மீற்றர். அழுத்திப் போடும் வகைக்குப் பிரெஸ் கருவி வேண்டும். பலகை வைத்துச் சுத்தியலால் அடித்தால் கப் சரிந்து உள்ளே போகும்.

[திரையில்: ஸ்டீரர் குழாயில் வெள்ளைப் பேப்பர் டேப். மேலே பென்சில் கோடு.]

இனி ஃபோர்க்கின் ஸ்டீரர், ஹெட் டியூபுக்குள்ளால் மேலே வரும் குழாய். பிறேமில் விடும் பிழையைத் திருத்தலாம், இதில் முடியாது. முதல் வெட்டில் 20 முதல் 30 மி.மீ. கூடவே விட்டு, இரண்டு வாரம் ஓடிப் பார்த்து, ஹாண்டில் உயரம் பிடித்த பிறகு கடைசி வெட்டு. ஹாண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து 3 மி.மீ. கீழே வெட்டுங்கள். அப்போதுதான் ஸ்டெம் முழு உயரத்துக்கும் குழாயைப் பிடிக்கும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள வாள். டேப் சுற்றி, தண்ணீர் தெளித்து, முக்கால்வாசி வெட்டியதும் குழாயைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். ஒரே பக்கமாக வெட்டினால் கடைசி இழைகள் கிழிந்துகொண்டு வரும். 400 நம்பர் கடதாசியால் ஓரத்தைத் தேய்த்து, நகப்பூச்சு ஒரு பூச்சு. என்95 முகக்கவசம் போடாமல் கார்பனை வெட்டாதீர்கள், தூசி நுரையீரலுக்குக் கூடாது.

கார்பன் ஸ்டீரருக்குள் நட்சத்திர நட்டு அடிக்கவே கூடாது, உட்சுவரைக் கீறிவிடும். விரியும் பிளக்தான் போட வேண்டும், அதுவும் ஸ்டெம் இறுகும் உயரத்துக்கு நேராக உட்கார வேண்டும். ஸ்டெம் போல்ட் பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர், ஆனால் அதிலேயே பொறித்திருக்கும் எண்தான் இறுதி. இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் கீ வாங்கக் காசில்லை என்றால் கார்பன் பிறேமுக்கும் இன்னும் நேரம் வரவில்லை.

பிறேக்கில் இரண்டு இடம் மட்டும் பாருங்கள். கலிப்பர் உட்காரும் தளத்தில் பெயின்ட் தடித்துப் படிந்திருந்தால் டிஸ்க் உரசிக்கொண்டே இருக்கும். கூரான பிளேட்டால் சுரண்டி எடுங்கள். பின் கலிப்பர் போல்டின் நீளம், பின் அச்சுக்குப் போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டேயின் தடிப்பைப் பொறுத்தது. பிறேமுடன் வந்த போல்டை அளக்காமல் இறுக்க வேண்டாம். அப்புறம், வலக்கை முன் பிறேக்கா பின் பிறேக்கா என்று ஹோஸ் விடுமுன்பே முடிவெடுங்கள்.

[திரையில்: வெள்ளவத்தை மரைன் டிரைவ், மாலை. பிறகு போத்தல் தாங்கியின் போல்ட், அதைச் சுற்றி வெள்ளைப் பொடி.]

இந்த வெள்ளைப் பொடி உப்பு இல்லை. அலுமினியம் அரித்துப்போன பொடி. கார்பன் மின்சாரம் கடத்தும். அதைத் தொட்டுக்கொண்டு அலுமினியமும், இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரமும் இருந்தால், கரைவது அலுமினியம். போத்தல் தாங்கிப் போல்ட், அலுமினிய சீட் போஸ்ட், ஹெட்செட் கப் மூன்றும் முதலில் மாட்டும். போல்டுக்குக் கிறீஸ் பூசி நைலோன் வாசர் போடுங்கள். சீட் போஸ்டுக்குக் கார்பன் பேஸ்ட் பூசி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பப் பூசுங்கள். விட்டுவிட்டால் போஸ்ட் பிறேமோடு ஒட்டிவிடும், பிறகு வாளால்தான் வரும். கடற்கரைப் பக்கம் ஓடிவந்தால் ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். பிரெஷர் வோஷ் அடித்தால் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகும். பொட்டம் பிரெக்கட்டின் அடியில் வடிகால் ஓட்டை திறந்திருக்கிறதா என்று மே மாத மழைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் காலையில், வாகனம் குறைந்த நேரத்தில், தியவன்னா ஓயாப் பக்கம் 20 கிலோமீற்றர். காலி வீதியின் மூடிப்பள்ளங்களில் சோதிக்கத் தேவையில்லை. திரும்பி வந்து முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்பின் ஆட்டுங்கள். ஹெட்செட்டில் ‘டொக்’ என்று கைக்குத் தெரிந்தால் ஸ்டெம்மைத் தளர்த்தி, மேல்மூடியைக் கால் சுற்று இறுக்கி, திரும்ப ஸ்டெம். 100 கிலோமீற்றரில் எல்லாப் போல்டுக்கும் இன்னொரு தடவை டோர்க் கீ. அதோடு ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டீரரின் அடியில் கீழ்ப் பெயாரிங் உட்காரும் வளையத்தைச் சுற்றி டோர்ச் அடியுங்கள். மயிரிழை போலக் கோடு தெரிந்தால் நகத்தால் இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் பெயின்ட் கோடாக இருக்கலாம். படம் எடுத்து வைத்து, அடுத்த 100 கிலோமீற்றரில் கோடு நீண்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நகம் சிக்கினாலோ கோடு நீண்டாலோ, அந்த ஃபோர்க்கோடு கடுகண்ணாவ இறக்கத்துக்கு மட்டுமல்ல, தெருமுனைக் கடைக்கும் போகாதீர்கள்.