நிற்கும்போது 36 வோல்ட், ஓடும்போது 28: வீட்டு சிஎன்சி மில்லில் ஒரு கோளாறைத் தேடிய கதை

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் இரைச்சல் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப்போகும் வண்டி. அது தெருமுனை திரும்பட்டும்.

சரி, போய்விட்டது. இந்தத் தட்டைப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியம். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் தன் படகில் மீன் தேடும் கருவியைப் பொருத்துவதற்காகக் கேட்டது. ஆறு துளைகளில் முதல் நான்கு அளவு பிசகாமல் இருக்கின்றன. ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே பக்கமாகத் தள்ளி விழுந்திருக்கின்றன. இப்படி மூன்று தட்டுகள் வீணாயின. கடலுக்குப் போகிறவருக்கு நாள் சொல்லிவிட்டுக் கொடுக்க முடியாமல் போனது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதனால்தான் தேடிய வழியை முழுதாகச் சொல்ல நினைக்கிறேன்.

சிஎன்சி மில் என்பது கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டித் துளையிடும் இயந்திரம். இது நான் வீட்டிலேயே கட்டியது. மூன்று அச்சு, மூன்றுக்கும் அடி அடியாகச் சுழலும் நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார், மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் மூன்று டிஎம்542 டிரைவர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து 36 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று, அதாவது வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் சப்ளை. கட்டளை கொடுப்பது ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதற்குள் மோட்டார்களை நடத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள். வெட்டுக்கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் 1.5 கிலோவாட், அதன் வேகத்தை மாற்றத் தனியாக விஎஃப்டி என்ற கருவி இருக்கிறது.

ஸ்டெப்பர் மோட்டாரிடம் எனக்குள்ள ஒரே குறை, அது தவறினால் யாரிடமும் சொல்லாது. கட்டுப்பாட்டுப் பலகை 'நகர்' என்று துடிப்பு அனுப்புகிறது. நகர்ந்துவிட்டது என்று நம்பிக்கொள்கிறது. மோட்டார் வழுக்கினாலும் திரையில் எண்கள் அழகாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். தட்டைக் கழற்றி அளந்த பிறகுதான் நமக்குத் தெரிய வரும்.

ஆகவே முதலில் எதையும் கழற்றவில்லை. ஒய் அச்சில், நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தினேன். அச்சை முன்னும் பின்னும் இருபது முறை வேகமாக ஓட்டிவிட்டு, பூஜ்யத்துக்குத் திரும்பச் சொன்னேன். முதல் முறை 0.50 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அடுத்த முறை 1.20. அதற்கடுத்து 0.90. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், இதோ. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாமே 0.10-இன் மடங்குகள். 0.37 என்றோ 0.83 என்றோ ஒன்றுகூட வரவில்லை.

இது தற்செயலாக வருவதில்லை. இந்த மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும், ஓர் அடிக்கு 1.8 பாகை. சுருள்களில் மின்னோட்டம் நான்கு அடிக்கு ஒருமுறை பழைய நிலைக்கே திரும்புகிறது. எனவே ரோட்டார் வழுக்கினால் நடுவில் எங்கும் நிற்காது. அடுத்த நான்கு அடிப் பள்ளத்தில்தான் போய் உட்காரும். அப்படிப்பட்ட பள்ளங்கள் ஒரு சுற்றில் 50. அச்சை நகர்த்தும் திருகுத்தண்டான என் பால் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு அதை 5 மில்லிமீட்டர் நகர்த்தும். 5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.10. மின் இரைச்சலால் துடிப்புகள் கூடிக் குறைந்திருந்தால், ஓர் அடியை எட்டாகப் பிரிக்கும் மைக்ரோ ஸ்டெப் வைத்திருக்கும் எனக்கு 0.003 மில்லிமீட்டர் கணக்கில் கண்டபடி எண்கள் வந்திருக்கும். மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். டயல் முள் பத்தில் ஒன்றிலேயே வந்து நின்றதால் மோட்டார்தான் வழுக்குகிறது என்று முடிவுக்கு வந்தேன். ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே சந்தேகப்பட்டியல் பாதியாகக் குறைந்துவிட்டது.

வழுக்குவது ஏன்? எக்ஸ் அச்சின் டிரைவரையும் ஒய் அச்சின் டிரைவரையும் இடம் மாற்றிப் பார்த்தேன். கோளாறு ஒய்-யிலேயே இருந்தது. டிரைவர் குற்றவாளி என்றால் கோளாறும் அதனுடன் எக்ஸுக்குப் போயிருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு முன்பே அவசரப்பட்டுப் புது டிரைவர் ஒன்று வாங்கிவிட்டேன். அது பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. இடம் மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள்: மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் டிரைவர் அந்த நொடியிலேயே போய்விடக்கூடும். அணைத்து, டிரைவரின் விளக்கு முழுதாக அணைந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

மோட்டார் சுருள்கள் இரண்டும் 1.1 ஓம் காட்டின. மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு, ஒயரின் ஓமைக் கழித்துப் பார்த்த அளவு அது. ஸ்குரூவைக் கையால் சுற்றினால் வெண்ணெய் போல ஓடியது. டிரைவரிலும் கோளாறைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை. சப்ளையை அளந்தேன்: 36.1 வோல்ட். நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு வாரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வழி காட்டியது என் அம்மா. ஒரு நாள் மாலை ஏழு மணிக்குக் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டே, "ஏனப்பா, விளக்கு மங்குகிற நேரத்தில்தானே இதுவும் படுத்துக்கொள்கிறது?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். வீணான மூன்று தட்டுகளும் மாலையில் ஓட்டியவை. பகலில் எங்கள் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 228 வோல்ட். அன்று மாலை அளந்தபோது 194.

உடனே மீட்டரை மறுபடியும் எஸ்எம்பிஎஸ் வெளிவாயிலில் வைத்தேன். இந்த முறை குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, மூன்று அச்சையும் ஒன்றாக வேகமெடுக்க வைத்தேன். 28.3 வோல்ட்! நிற்கும்போது 36, ஓடும்போது 28. இரண்டு வாரமாக ஓய்ந்து கிடக்கும் இயந்திரத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். நெஞ்சுவலி நடக்கும்போது மட்டும் வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து நாடி பார்த்த கதைதான்.

எட்டு வோல்ட் குறைந்தால் என்ன என்று கேட்பீர்கள். மோட்டார் சுருளுக்குள் மின்னோட்டம் சட்டென்று ஏறாது, சுருளின் இயல்பே தடுப்பதுதான். வேகம் கூடக்கூட ஓர் அடிக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. அந்தச் சிறு நேரத்துக்குள் மின்னோட்டத்தை உள்ளே தள்ளுவது வோல்ட்தான். அது குறைந்தால் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தில் முறுக்குவிசை சரிந்துவிடும். என் இயந்திரத்தில் மேசையையும், தட்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸையும் சேர்த்துச் சுமப்பது ஒய் அச்சு, அதனால் முதலில் விழுந்தது அதுதான். டிஎம்542 டிரைவர் 20 முதல் 50 வோல்ட் வரை வேலை செய்யும். 28 அதற்குச் சரியான அளவுதான். பிறகு ஏன் சிவப்பு விளக்கு எரியப்போகிறது?

சப்ளையின் வோல்ட் மேலும் கீழும் ஆடும் அலைவையும் அளந்தேன். மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து டிசி வாயிலைத் தொட்டால் சில மலிவு மீட்டர்கள் டிசியையும் சேர்த்துத் தாறுமாறாகக் காட்டும். ஒரு முனையில் 1 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. நிற்கும்போது 60 மில்லிவோல்ட். ஓடும்போது 2 வோல்ட்டைத் தாண்டியது.

இனி எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன், நீங்களும் நிதானமாகக் கேளுங்கள். 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். அந்த உச்சம் நேர்மின்சாரமாக உள்ளே இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். வடிகால் ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் நெடுநேரம் நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்தேன். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன்; அப்போதும் 40 வோல்ட் இருந்தது. 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரின் இரு கால்களிலும் உறையிட்ட ஒயரைப் பற்றவைத்து, அதை முனைகளில் கால் நிமிடம் பிடித்து வடித்தேன். மறுபடியும் அளந்தேன். ஸ்குரூ டிரைவரால் முனைகளை இணைத்துப் பொறி பறக்கவைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சாலிடரிங்கில் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் திறக்காமல் புது சப்ளை வாங்குவதே நல்லது. உங்கள் மேலுள்ள அக்கறையில் சொல்கிறேன்.

கேமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். வெளிச்சம் போதுமா? இதோ, வெளிவாயில் பக்கம் மூன்று கெப்பாசிட்டர்கள். நடுவில் இருப்பதன் தலை தட்டையாக இருக்கிறது. இரு பக்கமும் உள்ளவற்றின் தலை, பூரி உப்புவதற்கு முன்னால் மேலெழும்புமே, அப்படி மேடாகியிருக்கிறது. நகத்தால் தடவினாலே தெரிகிறது. இடது பக்கம் உள்ளதன் அடியில் காபிக் கறை போன்ற பழுப்பு வளையம்: உள்ளிருந்த திரவம் கசிந்து காய்ந்தது. முன்பு சொன்ன, 325 வோல்ட் தேங்கும் பெரிய இரண்டையும் கழற்றி அளந்தபோது, 470 மைக்ரோஃபாரட் என்று எழுதியவை 310, 290 காட்டின. மின்சாரம் நொடிக்கு நூறு முறை உச்சத்துக்குப் போய்த் திரும்புகிறது. இரண்டு உச்சங்களுக்கு நடுவே சுமையைத் தாங்கிப் பிடிப்பது இவைதான். மாலையில் 194 வோல்ட் வரும்போது உச்சமே 274 தான். அத்துடன் தாங்குகிறவையும் வற்றிப்போயிருந்தால் 36 எங்கிருந்து நிற்கும்? அம்மா சொன்ன மாலை நேரக் கணக்கு இங்கேதான் பொருந்தியது.

வற்றியதற்குக் காரணம் இந்தக் குட்டி விசிறி. சுற்றிப் பாருங்கள், நகர மாட்டேன் என்கிறது. அலுமினியத் தூளும் உப்பு ஈரமும் சேர்ந்து பசைபோல இறுகிவிட்டன. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத வீடு. ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று அரித்துவிடுகிறது, விசிறி எந்த மூலைக்கு! இவ்வகைக் கெப்பாசிட்டரில் 10 பாகை வெப்பம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்று கணக்கு.

மாற்றியது 105 பாகை செல்சியஸ் தாங்கும், உள்தடை குறைந்த வகை. வெளிவாயிலுக்கு 63 வோல்ட். பெரியவற்றையும் மாற்றினேன், புது விசிறி போட்டேன். இயந்திரத்தில் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே சுமை கொடுத்தேன். காருக்கான 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்புகள் மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு இழுப்பதால் சப்ளை ஓரிரு முறை தயங்கலாம், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் எரியவிட்டேன்: 35.9. மாலை ஏழு மணிக்கு, கிரைண்டர் ஓடும்போது, இயந்திரத்தில் மாட்டி மூன்று அச்சையும் விரட்டியபோது 35.2. டயல் கேஜ் பூஜ்யத்தில் நின்றது.

அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்பிண்டிலைப் போட்டதும் ஜிஆர்பிஎல் 'அலாரம் 1' என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அச்சு எல்லையைத் தொட்டால் அழுத்தப்படும் லிமிட் சுவிட்ச் அழுத்தப்பட்டது என்று பொருள். சுவிட்சின் பக்கம் எதுவுமே போகவில்லை. ஸ்பிண்டில் அணைந்திருந்தால் அலாரம் வரவே இல்லை. ஆகவே இது விஎஃப்டி கிளப்பும் மின் இரைச்சல்.

விஎஃப்டியின் எர்த் திருகைக் கழற்றினேன். அடியில் செப்பு ஒயர் பச்சையாகப் பூத்திருந்தது, பழைய செம்புக் குடத்தின் கழுத்தில் களிம்பு படியுமே, அதே நிறம். ஒயரை வெட்டிப் புது முனை அழுத்தி, ஸ்பிண்டில் உடம்பு, இயந்திரச் சட்டம், விஎஃப்டி மூன்றையும் குட்டையான தடித்த ஒயர்களால் ஒரே இடத்தில் சேர்த்தேன். ஸ்பிண்டில் கேபிளின் உலோக உறையை அங்கேயே இறுக்கினேன். லிமிட் சுவிட்ச் ஒயர்களை உறையுள்ள கேபிளாக்கி, ஸ்பிண்டில் கேபிளை விட்டு ஒரு சாண் தள்ளி ஓட்டினேன். அதன் உறையைக் கட்டுப்பாட்டுப் பலகை முனையில் மட்டும் எர்த்தோடு இணைத்தேன். பலகையின் உள்வாயிலில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அலாரம் நின்றது.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தபோது 14 வோல்ட் வந்ததும் எனக்குத் தூக்கம் போனது. இந்த எர்த் குழி 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப் போன பிறகு புதிதாகப் போட்டது. அதற்குப் பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து தோண்டினார்; கிளாம்ப் கையோடு உதிர்ந்து வந்தது. மாற்றிய பிறகு 2 வோல்ட்டுக்கும் கீழே இருக்கிறது. இந்தக் குழியால் ஸ்பிண்டிலின் மின் இரைச்சல் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதற்கு அந்தக் குட்டை ஒயர்கள்தான். குழி எங்கள் உயிருக்காக. நானும் அம்மாவும் ஈரக்கையோடு தொடும் இயந்திரங்கள் இந்த வீட்டில் நிறைய இருக்கின்றன.

இப்போது மணி ஏழு பத்து. மின்னழுத்தம் 197. நான்காவது தட்டு வைஸில் இருக்கிறது. அண்ணன் நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்கிறார். ஸ்பிண்டிலைப் போடப் போகிறேன், இனி என் குரல் உங்களுக்குக் கேட்காது. கண்ணாடியையும் காதடைப்பையும் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் டயல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.