ஆச்சிக்குப் பல் கிடையாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகளை உள்ளபடியே சொல்ல வேண்டுமா, நம் ஊர் வேடிக்கை கலந்து மாற்றிச் சொல்லலாமா என்பது இன்றைய தலைப்பு. மாற்றித்தான் சொல்ல வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "மூலக்கதையில் கை வைக்க நாம் யார்?" என்று கேட்டார். எந்த மூலம் ஐயா? அவர் எடுத்துக்காட்டிய சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையையே பார்ப்போம். 1697-இல் பிரான்சில் ஷார்ல் பெரோ அதை அச்சிட்டபோது, பாட்டிக்கு ஓர் அடையும் ஒரு சிறு கலயம் வெண்ணெயும் போகின்றன. ஓநாய் முந்திப்போய்ப் பாட்டியை விழுங்கி, பாட்டியின் கட்டிலில் படுத்திருந்து சிறுமியையும் விழுங்கிவிடுகிறது, கதை முடிந்துவிடுகிறது. காப்பாற்ற ஒருவரும் வரவில்லை. 1812-இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் அதே கதையை வெளியிட்டார்கள். அங்கே கூடையில் வெண்ணெய் இல்லை, ஒயின் இருக்கிறது. ஒரு வேட்டைக்காரர் வந்து, கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டி இருவரையும் மீட்கிறார். கூடையும் மாறியது, முடிவும் மாறியது. அவர்களுக்கு இருந்த உரிமை நம் வீட்டுத் தாய்மாருக்குக் கிடையாதா?

அவ்வளவு தூரம் போவானேன்? முதல் நூற்றாண்டில் பீட்ரஸ் லத்தீனில் எழுதிய காக்கை நரிக் கதையில் காக்கையின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. நம் காக்கை வைத்திருப்பது வடை. அதைச் சுடுவதற்கு ஒரு பாட்டியையும் உட்கார வைத்தோம். பிறகு யாரோ ஒரு புண்ணியவான், காக்கை வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடியது என்று மாற்றினார். எதிரணியினர் தங்கள் பிள்ளைகளுக்கு வடைக் கதையைத்தானே சொல்லியிருப்பார்கள்!

என் மகளுக்கு நான்கு வயது. குல்லாய்ச் சிறுமியின் கதையைப் புத்தகத்தில் உள்ளபடி வாசித்தேன். குல்லாய் எதற்கு என்று கேட்டாள். பனி என்றேன். அவள் பனியைக் கண்டாளா? எழுந்து போய்விட்டாள். மறுநாள் கூடையில் பணியாரத்தை வைத்தேன், காட்டைப் பனங்காடு ஆக்கினேன். ஓநாய் ஆச்சியின் சேலையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறது. "ஆச்சி, உன் பல் ஏன் இவ்வளவு பெரிது?" என்ற இடம் வந்ததும் என் மகள் துள்ளி எழுந்தாள். "எங்கள் ஆச்சிக்குத்தான் பல்லே கிடையாதே! வெற்றிலையை உரலில் இடித்துத்தானே போடுவாள்!"

அவையோரே, அந்த நொடியில் கதை அவள் கைக்குப் போய்விட்டது. சிறுமி ஓநாய்க்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள், டப்பியிலிருந்த சுண்ணாம்பு முழுவதையும் தடவி. வாய் வெந்துபோன ஓநாய் தண்ணீர்ப் பானையில் தலையை விட்டது, தலை மாட்டிக்கொண்டது. பானையோடு ஓடியது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தாள்.

"சிரிப்பு வந்தால் எச்சரிக்கை போய்விடும்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நான் ஏற்கவில்லை. பெரோவின் சிறுமி ஏமாந்தாள். கிரிம் சகோதரர்களின் சிறுமியை வேறொருவர் வந்து மீட்டார். எங்கள் வீட்டுச் சிறுமி தன் ஆச்சியின் வாயை அறிந்தவள். வேடத்தைத் தானே கண்டுபிடித்தாள். முன்பின் தெரியாதவர் நெருங்கினால் உற்றுப் பார் என்பதை இதைவிட அழுத்தமாக எப்படிச் சொல்வது?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஓநாயின் வாயில் திரைப்பட வசனத்தைத் திணிப்பது எனக்கும் பிடிக்காது. வேடிக்கை நம் வீட்டுத் திண்ணையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வர வேண்டும். மூலம் மறந்துபோகும் என்றும் அஞ்ச வேண்டாம். சுண்ணாம்புக்குச் சிரித்த பிள்ளை, பத்து வயதில் பெரோவைத் தானே தேடி எடுத்து, "இதில் ஏன் வெற்றிலை இல்லை?" என்று கேட்கும்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். நேற்றிரவு என் மகள் எனக்கே அந்தக் கதையைச் சொன்னாள். பானையோடு ஓடிய ஓநாயை இப்போது எங்கள் தெரு நாய்கள் நான்கும் துரத்துகின்றன. அதற்குமேல் சொல்லவில்லை, தூங்கிவிட்டாள். மீதியைக் கேட்க நான் வீட்டுக்குப் போக வேண்டும், நடுவர் அவர்களே.